வீட்டுத் தொட்டியில் தக்காளிப் பயிர்

தோற்றுவாய்

உழவு என்பது ஏரும் எருதும் உடையார்க்கே உரிய தொழில் என்று நம்மிற் பலர் கருதுகின்றனர். நன்செயும் புன்செயும் இல்லாதவன் கையில் மண் படுதற்கு இடம் ஏது என்பது அவர்தம் எண்ணம். இவ்வெண்ணம் பொருத்தமற்றது என்பதை மாணவ நண்பர்கட்கு எடுத்துக்காட்டுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும். இரண்டு சென்று மனையில் வீடு கட்டி, முற்றமென்று சொல்லத்தக்க இடம் ஒரு பாய் விரிக்கும் அளவே உடையாரும் ஐந்து தொட்டிகள் வைத்துத் தக்காளி வளர்க்கலாம். அங்ஙனம் வளர்ப்போர் காயை மட்டுமன்றி, மண், நீர், காற்று, வெயில் என்பவற்றைப் பற்றிய மெய்யறிவையும் பெறுவர். யான் இங்கு எழுதுவன பெரும்பாலும் பிழை செய்து கற்றவையே.

எமது இல்லம் வட்டக்கோட்டைக்கு அணித்தாய், கடற்கரையை ஒட்டியுள்ளது. 2023-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் தமிழ்நாடெங்கும் தக்காளியின் விலை கிலோ 100 ரூபாயைக் கடந்து ஏறிற்று. சென்னையில் அரசே பண்ணைப் பசுமைக் கடைகளிலும் நியாய விலைக் கடைகளிலும் கிலோ 60 ரூபாய்க்கு விற்கும் நிலை வந்தது. எம் அன்னையார் அந்நாட்களில் தக்காளி வாங்குவதை அறவே நிறுத்திவிட்டு, “நம் பாட்டிமார் புளியைக் கொண்டுதானே குழம்பு வைத்தார்கள்!” என்று கூறி அமைதியடைந்தார். அச்சொல் உண்மையே. ஆயினும், ஒரு காயின் விலைக்கு நாம் இத்துணை அஞ்சுவானேன், வீட்டிலேயே வளர்த்தால் என்ன என்னும் எண்ணம் எனக்குத் தோன்றிற்று.

தக்காளி வந்த வழி

இச்செடியின் தாயகம் தென்னமெரிக்காவின் மேற்குப் பகுதியாகும். பெரு, ஈக்குவடார் முதலிய நாடுகளின் மலைச்சாரல்களில் இதன் காட்டினங்கள் இன்றும் உள்ளன. மெக்சிகோ நாட்டில் மக்கள் இதனைப் பயிர்செய்து வந்தனர். அவர்தம் நாவாட்டில் மொழியில் வழங்கிய ‘தொமாட்டில்’ என்னும் சொல்லே மேனாட்டு மொழிகளில் இதற்குப் பெயராயிற்று. 16-ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர் இதனை ஐரோப்பாவுக்குக் கொண்டு சென்றனர். அங்குப் பலர் நெடுங்காலம் இதனை நஞ்சென்று ஐயுற்று உண்ணாமல் அழகுக்கே வளர்த்தனர். பின்னர்க் கடல்வழி வந்த ஐரோப்பியர் வாயிலாக இஃது இந்தியாவை அடைந்தது.

‘தக்காளி’ என்னும் சொல் நம்முடையதே. மணத்தக்காளி முதலிய நாட்டுச் செடிகட்கு வழங்கிய அப்பெயரையே நம் முன்னோர் புதிதாய் வந்த காய்க்கும் இட்டு, ‘சீமைத் தக்காளி’ என்று அழைத்தனர். காலப்போக்கில் ‘சீமை’ உதிர்ந்து ‘தக்காளி’ நின்றது. கத்திரி, மிளகாய், உருளைக்கிழங்கு, மணத்தக்காளி ஆகியவை யாவும் இதன் குடும்பத்தைச் சேர்ந்தனவே. இவ்வுறவை மாணாக்கர் நினைவில் இருத்துதல் வேண்டும். பின்னர் நோயைப் பற்றிக் கூறுமிடத்து இது பயன்படும்.

தாவர நூலார் இதனைக் கனி என்பர். ஏனெனில் பூவின் சூற்பை முதிர்ந்து விதையைத் தன்னகத்தே கொண்டது இது. சமையலறையிலோ இது காய்கறி. இவ்வழக்கு ஒரு காலத்தில் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தலைமை நீதிமன்றம் வரை சென்றது. காய்கறிக்கு இறக்குமதி வரி உண்டு, கனிக்கு இல்லை என்றிருந்தமையால் வணிகர் ஒருவர் வழக்காட, 1893-இல் நீதிபதிகள், மக்கள் உணவோடு உண்ணும் வழக்கத்தை நோக்கித் தக்காளி காய்கறியே எனத் தீர்ப்பளித்தனர்.

இடத்தின் இயல்பு

வட்டக்கோட்டை கன்னியாகுமரிக்கு வடகிழக்கே ஏறத்தாழ 6 கிலோமீட்டர் தொலைவில் கடலை ஒட்டி நிற்பது. 1741-இல் குளச்சற் போரிற் சிறைப்பட்டுப் பின் திருவிதாங்கூர் அரசர் மார்த்தாண்டவர்மரின் படைத்தலைவராய் உயர்ந்த டச்சுப் படைவீரர் டிலனாய் அவர்கள் இக்கோட்டையைக் கருங்கல்லாற் புதுக்கினார். மதிலின் மேல் நின்று நோக்குவார்க்கு ஒருபுறம் கடலும், மறுபுறம் தென்னந்தோப்பும் மேற்குத் தொடர்ச்சி மலையும் தோன்றும். காண்பார்க்கு இன்பம் தரும் இவ்விடம் தக்காளிக்கு எளிய இடமன்று. அதற்கு மூன்று காரணங்கள் உள்ளன.

முதலாவது காற்று. ஆனி, ஆடித் திங்கள்களில் ஆரல்வாய்மொழிக் கணவாயின் வழியே புகும் மேல்காற்று மிக வலிது. முப்பந்தலில் எண்ணற்ற காற்றாலைகள் நிறுவப்பட்டிருத்தலே அதற்குச் சான்று. இரண்டாவது வெப்பம். தக்காளிப்பூ பிஞ்சாதற்கு இரவு குளிர்ந்திருத்தல் வேண்டும். 15 முதல் 20 பாகை வரையுள்ள இரவு வெப்பம் அதற்கு மிக உகந்தது. நம் கடற்கரையில் அத்தகைய குளிர் எய்துவது அரிது. கார்த்திகை முதல் மாசி வரையுள்ள காலமே ஒருவாறு அதற்கு அணித்தாய் வருவது. மூன்றாவது உப்பு. காற்றிலும் உப்பு, மணலிலும் உப்பு, சிலவிடத்துக் கிணற்றிலும் உப்பு. இம்மூன்றையும் அறியாமல் தொடங்கியதே என் முதற்பிழை.

முதல் முயற்சி

ஆடித் திங்களிலேயே அவசரப்பட்டுத் தொடங்கினேன். அழுகிய தக்காளி ஒன்றைப் பிழிந்து விதையெடுத்தேன். பழைய பெயிண்ட் வாளிகள் ஐந்தில் கடற்கரை மணலையும் சிறிது எருவையும் நிரப்பி விதைத்து, வீட்டுக் கிணற்றுநீரை நாள்தோறும் இருவேளையும் வார்த்தேன். விதை முளைத்தது; ஒரு சாண் வளர்ந்தது. பின்னர் இலைகளின் விளிம்பு தீய்ந்தாற்போற் பழுப்பேறிற்று. நீர் போதவில்லையென்று எண்ணி மேலும் வார்த்தேன். செடிகள் மேலும் தீய்ந்தன. இருபது நாளில் ஐந்தும் மடிந்தன.

அடுத்த தென்னந்தோப்பைக் காவல் செய்யும் முதியவர் ஒருவர் அவ்வழி வந்தார். காய்ந்த செடிகளை நோக்கிவிட்டு, “மக்களே, இந்தக் கிணத்துத் தண்ணிய ஒரு வாய் குடிச்சுப் பாத்தியா?” என்று வினவினார்.

“நாங்க தெனமும் குடிக்கிற தண்ணிதானே, பாட்டா!” என்றேன்.

“அதுதான் உனக்குத் தெரியல்ல. செடிக்குத் தெரிஞ்சிருக்கு,” என்று சொல்லிச் சென்றார்.

அச்சொல் என் நெஞ்சை விட்டு அகலவில்லை. ஆவணித் திங்களில் ஒருநாள் மழை பெய்தபோது கூரைநீரை ஒரு குடத்திற் பிடித்து வைத்தேன். இரண்டு சிரட்டைகளில் ஒரே மண்ணை நிரப்பி, ஒரே வகை விதையை இட்டு, ஒன்றிற்கு மழைநீரும் மற்றதற்குக் கிணற்றுநீரும் வார்த்தேன். மூன்று வாரத்தில் முன்னது பசுமையாய் நிமிர்ந்து நின்றது. பின்னது குறுகி, விளிம்பு கருகிற்று. இதனினும் தெளிவான பாடத்தை யான் எந்நூலிலும் கற்றதில்லை.

உப்பின் செயல்

உப்பு செடியைக் கொல்லும் வகையை அறிதற்கு எம் அன்னையார் கருவாடு போடுவதைக் கண்டாலே போதும். மீனில் உப்பை அடுக்கினால், மீனிலுள்ள நீர் வெளியே கசிந்து வருகின்றது. செறிவு மிக்க உப்பு நீரைத் தன்பால் இழுக்கும் இயல்புடையது. மண்ணில் உப்பு மிகுந்தவிடத்தும் இதுவே நிகழ்கின்றது. வேரைச் சுற்றி நீர் நிறைந்திருப்பினும் உப்பு அதனை இறுகப் பற்றிக்கொள்ள, வேர் உறிஞ்ச இயலாமல் தவிக்கின்றது. நீரின் நடுவே செடி தாகத்தால் மடிகின்றது. யான் மேலும் மேலும் வார்த்த நீர் மேலும் மேலும் உப்பையே சேர்த்தது.

நீரிலும் மண்ணிலும் உள்ள உப்பை அவற்றின் மின்கடத்து திறனைக் கொண்டு அளப்பர். வேர்மண்ணின் சாற்றில் அது மீட்டருக்கு 2.5 டெசிசீமென்ஸ் என்னும் அளவு வரை தக்காளி தாங்கும். அதற்குமேல் ஏறும் ஒவ்வொரு டெசிசீமென்ஸுக்கும் விளைவில் ஏறத்தாழப் பத்திலொரு பங்கு குறையும். கடல்நீரின் அளவோ ஏறத்தாழ 50 ஆகும். ஆகவே கடல்நீர் சிறிது கலந்த கிணறும் தக்காளிக்குப் பகையே.

கடலருகே நன்னீர்க் கிணறு அமைவதன் காரணமும் ஈண்டு அறியத்தக்கது. மழைநீர் கடல்நீரினும் இலேசானது. ஆதலால் மணலினடியில் அஃது உப்புநீரின்மேல் மிதந்து நிற்கின்றது. கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி உயரம் நன்னீர் நின்றால், மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 அடி ஆழம் வரை நன்னீர் நிற்கும் என்பது நிலநீர் நூலார் கணக்கு. மேலிருந்து ஓரடி நீரை இறைத்துத் தீர்த்தால், அந்நாற்பதடியும் சிறிது சிறிதாய்ச் சுருங்கி உப்புநீர் மேலெழும். முன்னாளில் துலாவால் இறைத்தோம். இந்நாளில் மோட்டாரால் இறைக்கின்றோம். கிணறு உவர்ப்பதன் காரணங்களுள் இது தலையாயது.

தொட்டியும் மண்ணும்

இனி, தொடங்குவார் செய்யவேண்டுவனவற்றை முறையே கூறுவேன்.

ஒரு செடிக்கு ஒரு தொட்டி. அஃது 12 அங்குலத்துக்குக் குறையாத ஆழமும், 15 முதல் 20 லிட்டர் வரை கொள்ளளவும் உடையதாதல் நன்று. மண்சட்டி வேரைக் குளிர்ச்சியாய் வைக்கும், ஆனால் விரைவில் உலரும். பிளாஸ்டிக் வாளி ஈரத்தைக் காக்கும், ஆனால் வெயிலிற் சூடேறும். எதுவாயினும் அடியில் நான்கைந்து துளைகள் இருத்தல் இன்றியமையாதது. மண் ஒழுகாதபடி துளையின்மேல் சிறிது தென்னைநாரை இட்டாற் போதும். அடியிற் சரளையும் ஓட்டுத்துண்டும் நிறைத்தால் நீர் நன்கு வடியும் என்று பலர் கூறுவர். அது சரியன்று. நுண்ணிய மண்ணிலிருந்து பெருங்கல் அடுக்குக்கு நீர் எளிதில் இறங்காது. சரளைக்கு மேலேயே தேங்கி நிற்கும். வேர் பரவும் ஆழம் குறைவதே மிச்சம்.

மொட்டைமாடியில் வைப்பார் நீர் ஊறிய தொட்டி ஒன்று 25 கிலோவுக்குக் குறையாது என்பதை உணர்ந்து, தளத்தின் நடுவிலன்றிச் சுவரின் மேலாகவுள்ள ஓரங்களில் வைத்தல் வேண்டும்.

மண்கலவைக்குச் செம்மண் ஒரு பங்கு, நன்கு மக்கிய தொழுவுரம் அல்லது மண்புழு உரம் ஒரு பங்கு, மக்கிய தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு சேர்க்கலாம். கடற்கரை மணலை ஒருபோதும் சேர்த்தலாகாது. நார்க்கழிவு தன் எடையைப்போற் பல மடங்கு நீரைத் தாங்கும். நம் நாட்டில் எளிதிற் கிடைப்பது. எனினும் தென்னைமட்டையை உவர்நீர்க் காயலில் ஊறவைத்து நாரெடுக்கும் வழக்கம் இருத்தலின், அக்கழிவிலும் உப்புத் தங்கியிருக்கும். நன்னீரில் மும்முறை கழுவிப் பிழிந்த பின்னரே பயன்படுத்துக.

விதையும் காலமும்

தக்காளியில் இரண்டு இயல்புகள் உண்டு. ஒன்று ஓரளவு உயர்ந்தபின் வளர்ச்சி நின்று புதராய் அமைவது; மற்றொன்று கொடிபோல் மேலும் மேலும் நீள்வது. தொட்டிக்கு முன்னதே ஏற்றது. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியார் அண்ணஞ்சி என்னும் உள்ளூர் வகையிலிருந்து உருவாக்கிய பி.கே.எம். 1 அத்தகையது, காம்படியிற் பச்சைநிறம் கொண்ட, சற்றே தட்டையான காய் அதன் அடையாளம். பெங்களூரிலுள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தார் வெளியிட்ட அர்க்கா ரக்ஷக் என்னும் கலப்பினம் இலைச்சுருள் நோய், பாக்டீரியா வாடல், முன்பருவக் கருகல் ஆகிய மூன்றையும் எதிர்க்க வல்லது. கலப்பினத்தின் விதையை மறுமுறை விதைத்தால் தாயின் குணம் முற்றும் வராது. சந்தைத் தக்காளி பெரும்பாலும் கலப்பினமாதலால், அதன் விதையை நம்புதல் தொடங்குவார்க்கு நன்றன்று.

நம் பகுதிக்கு ஐப்பசியின் நடுவே விதைத்தல் பொருந்தும். அது வடகிழக்குப் பருவமழைக் காலம். ஆகவே விதையைத் தொட்டியில் இடாமல் சிரட்டைகளில் இட்டுத் தாழ்வாரத்தில் வைத்தல் வேண்டும். சிரட்டையின் கண்ணைத் துளைத்தால் வடிகாலாகும். கால் அங்குல ஆழத்தில் விதைத்தால் 5 முதல் 8 நாளில் முளைக்கும். முளை தோன்றியவுடன் நல்ல வெளிச்சத்துக்கு மாற்றுக. அன்றேல் நாற்று வெளிறி நீண்டு தலைசாயும். 25 நாளில், அதாவது கார்த்திகையின் முற்பாதியில், நாற்று நடவுக்கு ஆயத்தமாகும். நடுவதற்கு ஒரு வாரம் முன்னரே நாற்றை நாள்தோறும் சிறிது சிறிதாய் வெயிலுக்குப் பழக்குக. நடும்போது கீழிலைகளைக் கிள்ளிவிட்டு, தண்டின் பாதி மண்ணுட் புதையுமாறு நடலாம். புதைந்த தண்டெங்கும் வேர்விடும் இயல்பு தக்காளிக்கு உண்டு. நட்ட நாளிலேயே நான்கடி மூங்கிற்கம்பு ஒன்றை ஊன்றித் தளர்வாய்க் கட்டுக. பின்னர் ஊன்றினால் வேர் அறும்.

வைக்கும் இடம்

தக்காளிக்கு நாளொன்றுக்கு 6 மணி நேரத்துக்குக் குறையாத நேர்வெயில் வேண்டும். கார்த்திகை முதல் தை வரை காற்று வடகிழக்கிலிருந்து, அதாவது கடலிலிருந்து, உப்புத்துளியோடு வீசும். அக்காலத்தில் ஞாயிறு தெற்கே சாய்ந்து செல்லும். ஆகவே வீட்டின் தென்புறத்தே தொட்டிகளை வைத்தால் பகல் முழுதும் வெயில் கிடைக்கும். வீடே காற்றைத் தடுக்கும் மதிலாகும். இலையில் உப்புப் படிந்ததாய்த் தோன்றினால் காலையில் நன்னீர் தெளித்துக் கழுவுக.

தொட்டியின் பெருநலம் அது பெயர்க்கத்தக்கது என்பதே. 2023-ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களில் தென்மாவட்டங்களிற் பெருமழை கொட்டிற்று. அவ்விரவில் யானும் அன்னையாரும் ஐந்து தொட்டிகளையும் ஒவ்வொன்றாய்த் தூக்கித் தாழ்வாரத்திற் சேர்த்தோம். நிலத்தில் நட்டிருந்தால் அன்றே என் இரண்டாம் முயற்சியும் முடிந்திருக்கும்.

நீரும் உரமும்

நீர் வார்ப்பதற்குக் கால அட்டவணை வேண்டா, விரலே அளவுகோல். ஓரங்குலம் விரலைச் செலுத்தி மண் உலர்ந்திருந்தால் வார்க்க, ஈரமிருந்தால் விடுக. காலையில், இலையில் படாமல், அடித்துளையில் நீர் சிறிது கசியும் வரை வார்த்தல் நன்று. அவ்வாறு கசியும் நீர் தங்கிய உப்பைக் கழுவிச் செல்லும். முதிர்ந்த செடிக்கு நாளொன்றுக்கு 1 முதல் 2 லிட்டர் வரை வேண்டியிருக்கும். மண்ணின்மேற் காய்ந்த இலைகளையோ நாரையோ பரப்பினால் ஈரம் காக்கப்படும்.

நன்னீருக்கு எங்குச் செல்வது? கூரைக்குச் செல்க. 10 சதுர மீட்டர் கூரையின்மேல் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 100 லிட்டர் நீர் விழுகின்றது. ஐந்து செடிகளுக்கு அது பத்து நாளுக்கேனும் போதும். கடற்கரை வீட்டுக் கூரையில் உப்பும் தூசும் படிந்திருக்குமாதலால், முதலில் விழும் மழையை வழியவிட்டுப் பின்னர்ப் பிடிக்க. பிடித்த நீரைக் கொசு புகாதபடி மூடிவைக்க.

உரத்தைப் பொறுத்தவரை, தொடக்கத்தில் இலை வளர்க்கும் தழைச்சத்தும், பூவெடுத்தபின் காயை வளர்க்கும் சாம்பற்சத்தும் மிகுதியாய் வேண்டும். பதினைந்து நாளுக்கொருமுறை இரண்டு கைப்பிடி மண்புழு உரமும், சிறிதளவு ஊறவைத்துக் கரைத்த கடலைப்பிண்ணாக்கும் போதும். தழைச்சத்து மிஞ்சினால் செடி காடுபோல் தழைக்கும், பூ வாராது. கருவாடு கழுவிய நீரையும் கடல்மீன் அலசிய நீரையும் உரமென்று நம்பி வார்ப்போர் நம்மூரில் உளர். அதில் வரும் சத்தினும் உப்பே பெரிது.

பூவும் பிஞ்சும்

நட்ட 30 முதல் 35 நாளில், மார்கழியின் பிற்பகுதியில், மஞ்சட்பூக்கள் தோன்றும். ஒரே பூவில் ஆணுறுப்பும் பெண்ணுறுப்பும் உள்ளன. ஆயினும் மகரந்தம் ஒரு கூம்புக்குள் அடங்கியிருத்தலால் அதிர்வின்றி உதிராது. கருவண்டு போன்ற சில வண்டுகள் பூவைப் பற்றிச் சிறகை அதிர்த்து அதனை உதிர்க்கின்றன. வண்டு வாராவிடத்துக் காலை 9 மணியளவிற் பூங்கொத்தின் காம்பை விரலால் மெல்லச் சுண்டினாற் போதும்.

பிஞ்சின் அடிப்பக்கம் கறுத்து அமிழ்வது கண்டு பலர் நோயென்று மருந்து தெளிப்பர். அது கிருமியால் வருவதன்று. காயின் நுனிக்குச் சுண்ணச்சத்து எட்டாமையால் வருவது. சுண்ணச்சத்து நீரோடுதான் செல்லுமாதலால், ஒருநாள் வற்றவிட்டு மறுநாள் வெள்ளமாய் வார்ப்பதும், மண்ணில் உப்பு மிகுவதும் அதற்குக் காரணமாகும். முட்டையோட்டைப் பொடித்து இடுதல் உடனே பயன்தராது. அது மட்கப் பல திங்கள் செல்லும். சீராய் நீர் வார்ப்பதே மருந்து.

பகையும் நோயும்

வெள்ளை ஈக்கள் இலைச்சுருள் நோயைச் செடிக்குச் செடி பரப்பும். மஞ்சள் அட்டையில் விளக்கெண்ணெய் தடவித் தொங்கவிட்டால் அவை ஒட்டிக்கொள்ளும். 50 கிராம் வேப்பங்கொட்டையை இடித்து ஒரு லிட்டர் நீரில் இரவு முழுதும் ஊறவைத்து வடிகட்டிச் சிறிது சோப்புக்கரைசல் சேர்த்து மாலையில் தெளிக்கலாம். நோயுற்றுச் சுருண்ட செடி மீளாது. அதனைப் பிடுங்கி அகற்றுதலே மற்றவற்றைக் காக்கும். காய்ப்புழுவைக் கையாற் பொறுக்கலாம். ஐந்து செடி வைத்தவனுக்கு அஃது எளிது.

எமது ஐந்து தொட்டிகளுள் ஒன்றிலிருந்த செடி பச்சையாய் இருந்தபடியே ஒருநாள் திடீரென வாடிற்று. தண்டை அடியில் அறுத்துக் கண்ணாடிக் குவளையிலுள்ள தெளிந்த நீரில் நிறுத்தினேன். சில நிமிடங்களில் பால்போன்ற வெண்ணூல் தண்டிலிருந்து நீரில் இறங்கிற்று. பாக்டீரியா வாடலுக்கு இதுவே சான்று. அதற்கு மருந்தில்லை. அம்மண்ணைத் தக்காளிக்கு மட்டுமன்றி, அதன் உறவாகிய கத்திரிக்கும் மிளகாய்க்கும் பயன்படுத்தலாகாது, கீரைக்குப் பயன்படுத்தலாம்.

அறுவடையும் கணக்கும்

பிஞ்சு தோன்றி 30 முதல் 45 நாளிற் காய் பழுக்கும். நிறம் மாறத் தொடங்கியவுடனே பறித்து வீட்டினுள் வைத்தாலும் பழுக்கும், சுவை குன்றாது. கடும்வெயிலில் 30 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்திற் செந்நிறம் நன்கு அமையாமல் மஞ்சளோடிப் போகுமாதலால், மாசி பங்குனியில் இவ்வாறு முன்னரே பறித்தல் நலம். பழுக்காத காயைக் குளிர்பெட்டியில் வைத்தால் மணம் கெடும்.

முதற்பழத்தைத் தை இறுதியிற் பறித்தோம். பங்குனி வரை நான்கு செடிகளில் கிடைத்தவை எல்லாம் சேர்ந்து நான்கு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. அதற்குள் சந்தையில் விலை தாழ்ந்துவிட்டது. விதைக்கும் உரத்துக்கும் செலவிட்ட பணத்தை நோக்கினால், முதலாண்டில் எமக்கு ஆதாயமில்லை. தொட்டித் தோட்டம் வைத்தால் சந்தைக்கே போகவேண்டா என்று கூறுவார் கூற்றை நம்பித் தொடங்குவோர், முதற்கணக்கிலேயே மனம் தளர்வர். ஆகவே உண்மையை முன்னரே கூறிவிடுதல் முறை. தொட்டியும் மண்ணும் மறு ஆண்டுக்கும் உதவும், கை பழகும், விளைவு சிறிது உயரும். அவ்வளவே.

முடிவுரை

ஆயினும் அந்நான்கு கிலோவைக் கொண்டு மட்டும் யான் இதனை அளப்பதற்கில்லை. சிரட்டை இரண்டும் காட்டிய வேற்றுமையைக் கண்டபின், எம் கிணற்றுநீரை ஒரு சீசாவில் எடுத்துச் சென்று பரிசோதனைக் கூடத்திற் கொடுத்தேன். குடிநீருக்குரிய அளவினும் உப்பு மிகுதியென்று எழுதிக் கொடுத்தனர். எம் அன்னையார் பல ஆண்டுகளாய் இரத்த அழுத்தத்துக்கு மருந்துண்பவர். மருத்துவர் உப்பைக் குறைக்கச் சொல்லியிருந்தார். அவரும் குழம்பில் உப்பைக் குறைத்தே வந்தார். கிணற்றில் இருந்த உப்பை எவரும் எண்ணவில்லை. சிறுகச் சிறுக உவர்த்தமையால் நாள்தோறும் பருகிய எம் நாவுக்கு அது தோன்றவில்லை. அன்று முதல் குடிப்பதற்கும் சமைப்பதற்கும் குழாய்நீரையும் மழைநீரையுமே கொள்கின்றோம். கிணற்றுநீர் துணி துவைக்க உதவுகின்றது.

முதற்பழம் பழுத்த நாளில் அன்னையார் அதனைக் குழம்பிலிடவில்லை. மூன்றாய் அரிந்து, ஒரு துண்டைத் தோப்புக்காவல் பாட்டாவுக்குக் கொடுத்தனுப்பினார். அவர் வாயிலிட்டு மென்று, “இப்ப தண்ணி நல்லாருக்கு மக்களே,” என்றார்.

கடற்கரை ஊர்களிலிருந்து இக்கல்லூரிக்கு வரும் மாணவ நண்பர்கள் ஐப்பசி பிறக்குமுன் இரண்டு சிரட்டைகளையும் ஒரு பிடி விதையையும் எடுத்து, ஒன்றிற்கு மழைநீரும் மற்றதற்குத் தம் வீட்டுக் கிணற்றுநீரும் வார்த்து, நாள்தோறும் காண்பதைக் குறிப்பேட்டில் எழுதி வருவாராக. இரண்டும் ஒத்து வளர்ந்தால் அந்நாற்றைத் தொட்டியில் நட்டு மகிழலாம். ஒவ்வாது வளர்ந்தால், நாற்றை நடுமுன் கிணற்றுநீரைச் சோதித்தறிவது அவர்தம் முதற்கடனாகும்.